பழுப்புத் தொட்டிக்குப் பொங்கல்

1

எனக்கு எழுபத்தாறு வயது முடிந்துவிட்டது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். மூன்று என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் நாத்தனார் கண்ணை மூடும்போது விட்டுப்போனவை. ஐந்துக்கும் ஒரே பானைச் சோறு. இதில் யார் யாருடைய பிள்ளை என்று எங்கள் ஊர் தலத்தெருவில் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். அப்படி வளர்த்தேன்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை என்னை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். மறதி வந்த கிழடுகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டிவருகிற இடம். போகப்போக அங்கேயே தங்கவைத்துக்கொள்வார்களாம். "சும்மா பாத்துட்டு வருவோம்மா, புடிக்கலன்னா வேணாம்" என்கிறான் என் கடைசி மகன் குணசேகரன். சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு என்னுடைய போட்டோ எதற்கு எடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு மறதி கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே பாருங்கள்.

நம்ம ஊர் மாதப் பத்திரிகையில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எழுத ஒரு பக்கம் விடுகிறார்கள் என்று நெடுங்காட்டில் இருக்கும் என் மகள் சொன்னாள். பனியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இரும்புக் கோபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குப்பைத் தொட்டியைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். இந்த வீட்டில் எல்லோரும் வெளியே போன பிறகு எனக்குப் பொழுதுக்கு என்ன குறைச்சல்?

இங்கே வந்து ஐந்து பொங்கல் ஆகிவிட்டது. பாரிசிலிருந்து ரயிலேறி வந்தால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் காலமான வருஷம் குணசேகரன் வந்து கூட்டிவந்தான். அவன் பிரான்சுக்கு வந்த வழி உங்களுக்குத் தெரியாததல்ல, நம்ம ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் வந்த வழிதான். பெண்ணுக்கு இந்த நாட்டுப் பிரஜா உரிமை இருந்தது, பையனுக்குப் படிப்பு இருந்தது. ஜாதகத்தைவிட பாஸ்போர்ட்டைத்தான் நன்றாகப் பார்த்தோம். மருமகள் மாலதியின் அப்பா இந்த நாட்டுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அவள் பிறந்ததே இங்கேதான். நல்ல பெண். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "பரவால்ல அத்த, நீங்க உக்காருங்க" என்பாள். ஐந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஐப்பசியில், ஊரில் அடைமழை என்று மகள் போனில் சொன்ன சமயம், மேரியிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் ஒரு பழுப்புத் தொட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம்ம ஊரில் பழைய மனிதர்கள் முனிசிபாலிட்டி ஆபீசை மேரி என்பார்கள் அல்லவா, இங்கேயும் அதே பேர்தான். விமானத்தை விட்டு இறங்கும்போது எனக்குத் தெரிந்திருந்த பிரெஞ்சு இது மாதிரி ஒன்றிரண்டு சொல்தான். அதற்குப் பிறகு அதிகமாக ஒன்றும் சேரவில்லை.

ஏற்கெனவே வாசலில் மஞ்சள் மூடி ஒன்று, கறுப்பு மூடி ஒன்று. இது மூன்றாவது. இடுப்பு உயரம், இரண்டு சக்கரம். கூடவே சமையலறையில் வைக்க ஒரு சின்ன வாளி, ஒரு கட்டு காகிதப் பை, படம் போட்ட தாள் ஒன்று.

"அம்மா, இனிமே காய்த்தோலு, மிச்சம் மீதி, டீத்தூளு எல்லாம் இதுல போடணும். பிளாஸ்டிக் ஒரு துண்டு போயிடக் கூடாது. வாரம் ஒரு நாள் லாரி வரும்" என்றான் குணசேகரன்.

"எங்கடா கொண்டுபோறாங்க?"

"எங்கயோ கொண்டுபோறாங்க. கேஸ் எடுப்பாங்க, எருவாக்குவாங்க. ட்ரெயினுக்கு நேரமாச்சும்மா."

எனக்குக் கிடைத்த விளக்கம் இவ்வளவுதான். எங்கயோ.

ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. ஐந்து வருஷமாகக் கத்தரிக்காய்க் காம்பையும் குழந்தைக்குக் கட்டுகிற ஜட்டியையும் ஒரே கறுப்புப் பையில் போட்டு முடிகிற ஊரைப் பார்த்துப் பார்த்து எனக்கு அருவருத்துப் போயிருந்தது. இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். மாலதியும் அன்று ஒரு வார்த்தை சொன்னாள்.

"அத்த, இந்தத் தொட்டி உங்க பொறுப்பு. எனக்கு இதுல பிரிச்சுப் போடவெல்லாம் நேரம் இல்ல."

இந்த வீட்டில் என் பொறுப்பு என்று யாரும் எதையும் சொன்னது அதுதான் முதல் தடவை.

3

காய்த்தோலைத் தனியாக எடுத்து வைப்பது எதற்கு என்று தலத்தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள். கொல்லைப்பக்கம் கழனித்தண்ணித் தொட்டி இருக்கும். அரிசி கழுவின தண்ணீர், வடித்த கஞ்சி, வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு எல்லாம் அதில் விழும். விடிந்ததும் சகுந்தலா இரண்டு தகர வாளியோடு வருவாள், மொண்டுகொண்டு போவாள். அவளுக்கு நாலு மாடு. கன்று போட்டால் நமக்குச் சீம்பால் வரும்.

அது ஒன்றும் தேவலோகம் இல்லை. தொட்டி நாறும். கொசு மொய்க்கும். சகுந்தலா வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். எலுமிச்சைத் தோலோ, மிளகாய்க் காம்போ, வெங்காயச் சருகோ கையில் தட்டுப்பட்டால் போச்சு, நடுத்தெருவில் நின்று ஆரம்பிப்பாள்.

"எந்த வூட்டு மவராசிடி இது? எலுமிச்சந்தோலப் போட்டு வச்சிருக்கா! மாடு என்னா ஒன் மாமியாளா, ஊறுகா போட்டுத் திங்க?"

அந்த வசவை ஒரு தடவைகூட வாங்காத வீடு எங்கள் வீடு. என் வயதுக்காரிகள் யாராவது அங்கே இருந்தால் கேட்டுப்பாருங்கள்.

தெருக்கோடி வீட்டுக்காரி ஒருத்தி கவனமில்லாமல் சவரபிளேடைத் தொட்டியில் விட்டுவிட்டாள். சகுந்தலாவின் சிவப்பு மாடு வயிறு உப்பிச் செத்தது. அன்றைக்கு அவள் வசவு பாடவில்லை. மறுநாள் காலை வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள், அந்த வீட்டு வாசலில் மட்டும் நிற்காமல் போனாள். அதற்கப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுவதை ஊரே பார்த்தது. பெண் பார்க்க வந்தவர்கள் காது வரைக்கும் அது போயிற்று. தொட்டியில் நாம் என்ன போடுகிறோமோ அதுதான் தெருவில் நமக்குப் பேர். அப்படி இருந்த ஊரிலிருந்து வந்தவள் நான்.

மாட்டுப் பொங்கலன்று தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைப்போம். வருஷம் பூராவும் நம் வீட்டுக் கஞ்சியைக் குடித்த மாட்டுக்கு நம் வீட்டுப் பொங்கலில் ஒரு பங்கு போகவேண்டும். இலையில் வைத்து வாழைப்பழம் வைத்துத் தொட்டியிலேயே போட்டுவிடுவோம். சகுந்தலா கொம்புக்கு வர்ணம் அடித்த மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து தின்னவிடுவாள். அன்று ஒரு நாள் அவள் யாரையும் திட்டமாட்டாள்.

4

இந்தப் பழுப்புத் தொட்டி எங்கே போகிறது என்று எனக்கு மனசு அரித்துக்கொண்டே இருந்தது. என் பேத்தி இனியாவிடம் கேட்டேன். பதின்மூன்று வயது. என்னிடம் தமிழில் பேசுகிறவள் இந்த வீட்டில் அவள்தான் அதிகம். அதிகம் என்றால், நாளைக்கு நாலு வார்த்தை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நாலு வருஷம் போனாள். பிறகு சனிக்கிழமை நீச்சலுக்கு என்று ஆகிவிட்டது.

"அப்பாயி, அங்க நான் போயிருக்கேன். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. மாடு இருக்கு."

"மாடா?"

"நெறைய மாடு. இந்தா பாரு."

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கறுப்பும் வெள்ளையுமாக மலை மாதிரி மாடு. காதில் மஞ்சள் வில்லை. பக்கத்தில் இனியா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் ஒரு பெரிய லாரி, எங்கள் தெருவுக்கு வருகிற லாரியேதான், பச்சைக் கோடு போட்டது.

"நம்ம தொட்டியையா திங்குது?"

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆமா அப்பாயி. ஊரு முழுக்க போடுறத அதுங்கதான் சாப்பிடுது. நீ நல்லதா போடு."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இருந்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். ஐந்து பேரை வளர்த்தவளுக்கு, பிள்ளை பொய் சொல்கிறதா என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. காரணம், அது பொய்யாக இருக்கவேண்டிய அவசியமே எனக்குத் தோன்றவில்லை. தோலைத் தனியாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் போகக்கூடாது என்கிறார்கள். லாரி நிற்கிற இடத்தில் மாடு நிற்கிறது. நீங்களாக இருந்தால் வேறு என்ன நினைப்பீர்கள்?

அன்றிலிருந்து நான் அந்தத் தொட்டியை என் பேராக நினைத்துப் பார்த்துக்கொண்டேன். எலுமிச்சை, வெங்காயம், மிளகாய், மீன் முள் எல்லாவற்றையும் கறுப்பு மூடியில் போட்டேன். தாளில் மீன் முள் படமும் போட்டிருந்தது, பழுப்புத் தொட்டியில் போடலாம் என்று. மாட்டுக்கு மீன் முள் போடச் சொல்கிற வெள்ளைக்காரனை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு, போடாமல் விட்டேன். காகிதப் பையை எடுத்துவிட்டேன், காகிதம் தொண்டையில் ஒட்டிக்கொள்ளுமே என்று. மாலதி குக்கரில் சோறு வைப்பாள். எனக்கு அது ஆகாது. என் சின்னப் பானையில் வடித்துத்தான் சாப்பிடுவேன். அந்தக் கஞ்சியை ஆறவைத்துத் தினமும் தொட்டியில் ஊற்றினேன். ஒரு கல் உப்பும் போடுவேன்.

லாரியில் தொட்டியைத் தூக்குகிற ஆள் ஒரு கறுப்பு மனிதர். ஒரு தடவை கஞ்சி அவர் காலில் கொட்டிவிட்டது. அவர் எங்கள் ஜன்னலைப் பார்த்து என்னவோ சொன்னார். நான் கையைக் காட்டினேன். நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

5

தை பிறந்தது. பொங்கலன்று இவர்களுக்கு லீவு இல்லை. சாயங்காலம் வந்து மாலதி மைக்ரோவேவில் பொங்கல் வைத்தாள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். அந்த வாரம் அப்படிக் குளிர், வாசல் புல் எல்லாம் கண்ணாடித் தூள் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்தது. புதன்கிழமை, இனியாவுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான். நான் சூடுதண்ணீர் போட்டுக்கொண்டு போய்த் தொட்டியின் மூடியையும் பக்கத்தையும் தேய்த்துக் கழுவினேன். உள்ளே அடியில் கஞ்சி கல்லாக இறுகிக் கிடந்தது. கரண்டியால் இடித்துப் பார்த்தேன், பெயரவில்லை. சரி, வெயில் வந்தால் இளகும் என்று விட்டுவிட்டேன். மஞ்சளைக் குழைத்து மூடியில் பட்டையாகப் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்தேன். என் கையால் வைத்த சர்க்கரைப் பொங்கல் ஒரு பிடி. வாழையிலைக்கு எங்கே போவது, கோஸ் இலை ஒன்றில் வைத்தேன். ஒரு வாழைப்பழம். கற்பூரம் ஏற்றி, நின்று கும்பிட்டேன்.

இனியா கதவோரம் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு புள்ள படம் புடிக்கிற?"

"அத்தைக்கு அனுப்பத்தான், அப்பாயி. நெடுங்காட்டு அத்தைக்கு. மாட்டப் பத்தி எதாவது சொல்லேன்."

"என்னாத்தச் சொல்ல? நல்லா தின்னுட்டு நல்லா பால் குடுன்னு சொல்றேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் என்னோடு அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மதாம் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போன்ழூர் மதாம்" என்றேன். நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை லாரி வந்தது. பனி ஈரத்தில் குங்குமம் இளகி மூடியிலிருந்து பக்கவாட்டில் வழிந்திருந்தது. லாரி ஆள் கிட்ட வந்தார், நின்றார், இன்னொருவரைக் கூப்பிட்டார். மூடியைத் திறந்து பார்த்தார்கள். பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தெருவில் எல்லாத் தொட்டியையும் எடுத்தார்கள், எங்கள் தொட்டியை மட்டும் எடுக்கவில்லை.

ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சகுந்தலா நிற்காமல் போன வாசல் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

6

அடுத்த வாரம் மேரியிலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்தார்கள். பக்கத்து வீட்டு மதாம் ரத்தம் என்று சொல்லியிருக்கிறாள். கோழி அறுத்துப் பூஜை செய்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். குணசேகரன் வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தான். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்துச் சிரித்தாள், கைக்குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறாற்போல. அவர்கள் போன பிறகு அவன் என் எதிரில் உட்கார்ந்தான். மாலதி நின்றாள். இனியா மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? தொட்டில கஞ்சிய ஊத்தியிருக்க. பாறை மாரி ஒறைஞ்சு கெடக்கு. மூடி பூராவும் குங்குமம். எதுக்கும்மா?"

"மாட்டுப் பொங்கல் இல்லியா தம்பி."

"இங்க ஏதும்மா மாடு?"

"தொட்டி போற எடத்துல."

அவன் மாலதியைப் பார்த்தான். மாலதி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் மாமனார் கடைசிக் காலத்தில் செத்துப்போன தன் அண்ணனுக்கு இலை போடச் சொன்னபோது நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம்.

"மாடுன்னு யாரும்மா சொன்னா?"

படியில் ஷூ கயிறு நின்றது. நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை. ஒரு வார்த்தை. 'நான்தான் விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. நான் காத்திருந்தேன்.

"எனக்கே தெரியும்" என்றேன்.

அன்று சாயங்காலம் இனியா என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பாயி, சொல்லிடாத. ப்ளீஸ். அப்பா போன வாங்கிடுவாரு."

"ஏன்டி அப்டி சொன்ன?"

"அங்க மாடு இருக்குல்ல, அது உண்மைதான். ஆனா அதுங்க இத சாப்பிடாது. அதுங்க சாணியும் நம்ம தொட்டியும் ஒண்ணா கேஸுக்குப் போவுது. நீ நம்புவேன்னு நெனைக்கல. அப்பறம் நீ நம்புனியா, அது... கியூட்டா இருந்துச்சு."

அது என்ன சொல் என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது, நாய்க்குட்டியைச் சொல்கிற சொல் அது.

"சரி, நான் சொல்லல" என்றேன். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். ஒரு போன் அளவுக்குத்தான் விஷயம் என்று அப்போது நினைத்தேன்.

நெடுங்காட்டு மகளிடம் போனில் கேட்டேன், வீடியோ வந்ததா என்று. "ஒண்ணும் வரலையேம்மா" என்றாள். பிறகு அவள் கூட்டாளிகளில் யார் யாருக்குப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசித்துவிட்டேன்.

7

என் ஞாபகத்தைச் சோதிக்கக் கூட்டிப்போன இடத்தில் டாக்டரம்மாள் சின்ன வயசு. அவள் பிரெஞ்சில் கேட்டாள், குணசேகரன் தமிழில் சொன்னான். வீட்டில் தனியாக விட மனசில்லாமல் இனியாவையும் கூட்டிப் போயிருந்தோம், மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இது என்ன மாசம் என்று கேட்டார்கள். "தை" என்றேன்.

"அம்மா, ஜனவரின்னு சொல்லும்மா."

"மாசம் என்னான்னுதான கேட்டாங்க? சொல்லிட்டேன். நீ மாத்திச் சொல்லிக்க."

மூன்று சொல் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். எலுமிச்சை, சாவி, பலூன். மூன்றையும் சொன்னேன். எலுமிச்சையை மறப்பேனா, அது தொட்டியில் விழாமல் எத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், அவன் மொழிபெயர்க்கத் திணறினான், நான் திணறவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தேன். ஒரு சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார்கள். அது தமிழில் எப்படிச் செய்வது என்று அவனுக்கே தெரியவில்லை. டாக்டரம்மாள் தன் தாளில் என்னவோ கோடு போட்டுக்கொண்டாள்.

கடைசியாக, தொட்டிக்கு ஏன் சோறு வைத்தீர்கள் என்று கேட்டாள்.

இனியாவைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நகரவில்லை, திரை அணைந்திருந்தது. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டுக்கு" என்றேன்.

மற்றதெல்லாம் சரியாகச் சொன்னேன். அந்த ஒன்றுதான் எழுதப்பட்டது.

8

இப்போது பழுப்புத் தொட்டியை மாலதி பார்த்துக்கொள்கிறாள். எலுமிச்சைத் தோலும் மீன் முள்ளும் காகிதப் பையில் கட்டி ஒழுங்காகப் போகின்றன. லாரி நிற்கிறது, எடுக்கிறது. என் வடிகஞ்சிப் பானை அலமாரிக்கு மேலே என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அடுப்புக்குப் பூட்டு உண்டு இந்த ஊரில், கண்ணாடியில் விரலை வைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். "உங்க நல்லதுக்குத்தான் அத்த." குக்கர் சோறு சாப்பிடுகிறேன். யாரும் கஞ்சி வடிப்பதில்லை.

ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று மகளிடம் பேச்செடுத்தேன். "இங்கயும் இப்ப பச்ச வாளி, நீல வாளிதாம்மா" என்றாள். வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறதாம். சகுந்தலா மாடுகளை விற்றுவிட்டாளாம். அவள் மருமகள்தான் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி தள்ளுகிறாளாம், மாமியாரைவிட வாய் பெரிசாம். நான் கேட்டது வாளியைப் பற்றி அல்ல என்று மகளுக்குத் தெரியும். எனக்கும் பதில் தெரிந்துவிட்டது. அவள் வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர்.

ஆகவே திங்கட்கிழமை. அந்த இடத்தில் தமிழ் பேச யாரும் இல்லை. அங்கே நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பேச்சும் போய்விட்டது என்று எழுதிக்கொள்வார்கள். அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் அது மாட்டுக் கதைதான்.

குணசேகரனைக் குறை சொல்லவில்லை என்று எழுதினால் பொய். சொல்கிறேன். மாடு என்று யார் சொன்னது என்று ஒரே ஒரு தடவை கேட்டான். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். என் வயிற்றில் பிறந்தவன், எனக்குப் புத்தி போய்விட்டது என்பதை இவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்கவேண்டாம். நான் அவனுடைய காய்ச்சலைக்கூட மூன்று நாள் நம்பாமல் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

குழந்தையையும் விடமாட்டேன். அவளாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். தை போய் மாசி வந்தது. என் போட்டோவை எடுத்தபோது அவள்தான் விளக்கைச் சரிபண்ணினாள். அப்போதும் சொல்லவில்லை.

நான் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாயால் சொல்லவும் மாட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். மாலதி பீன்ஸ் நறுக்குகிறாள். எழுதி முடித்தேன். இனியாவைக் கூப்பிடப்போகிறேன்.

"இனியா, இங்க வா. ஊருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நான் எழுதுனது சரியா இருக்கான்னு கேக்கணும். மொதல் வரியிலேர்ந்து வாசி. தமிழ் வரலன்னு சொல்லாத, எழுத்துக் கூட்டியே வாசி, எனக்கு அவசரம் இல்ல. மாட்டு எடம் வரும்போது கொரலக் கொறைக்காத. ஒங்கப்பா கூடத்துலதான் ஒக்காந்திருக்கான். டிவிய நான் நிறுத்திட்டேன்."